மோட்டார் பெட்டிக்குள் தேயும் கன்டென்சர்

பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாஷிங் மெஷின், டிவி, லேப்டாப், ஸ்மார்ட்போன், புல்வெட்டும் இயந்திரம் ஆகிய ஐந்துக்கும் விலையோடு சேர்த்து இன்னொரு எண்ணையும் ஒட்டச் சொன்னார்கள். பழுதானால் சரிசெய்வது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். இந்தியாவிலும் இப்படி ஒரு மதிப்பீட்டைக் கொண்டுவர நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தது. அந்தக் குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. முதல் கட்டமாக மொபைல் போனும் டேப்லெட்டும்.

நல்ல தொடக்கம்தான். ஆனால் புதுச்சேரியில் ஒரு குடும்பம் போன் இல்லாமல் ஒரு நாள் ஓட்டிவிடும். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாமல் ஒரு காலைப் பொழுதைக்கூட ஓட்ட முடியாது. முத்தியால்பேட்டையாக இருந்தாலும் முதலியார்பேட்டையாக இருந்தாலும் ஏற்பாடு ஒன்றுதான். குழாயில் நேரம் வைத்து வரும் தண்ணீர் சம்ப்பில் விழுகிறது, அல்லது போரிலிருந்து எடுக்கப்படுகிறது. அங்கிருந்து மோட்டார் அதை மாடியில் இருக்கும் சின்டெக்ஸுக்குத் தள்ளுகிறது. மோட்டாரை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது, தண்ணீர் இல்லாமல் சும்மா ஓடினால் எப்படிக் காப்பாற்றுவது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது மாடிப்படிக்குக் கீழே சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. கன்ட்ரோலர். மதிப்பெண் போடவேண்டிய சாமான்களின் பட்டியல் எதிலும் அது இல்லை.

அந்தப் பெட்டி கெடும் விதம் பல வீடுகளுக்குத் தெரிந்ததே. ஒரு நாள் சாயங்காலம் டக் என்ற சத்தம் கேட்கும். மோட்டார் ஒரு முறை உறுமும், உடனே அடங்கிவிடும். சில நொடி கழித்து மறுபடி டக், மறுபடி உறுமல், மறுபடி அமைதி. இரவு பதினொரு மணிக்கு யாராவது போய்ப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஒழுங்காக ஓடும். மறுநாள் சாயங்காலம் மீண்டும் டக் டக். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒருவர் லோ வோல்டேஜ் என்பார், ஒருவர் மோட்டாரில் காயில் போச்சு என்பார். கடைசியில் வருகிறவர் போர்டு போயிடுச்சு, பெட்டியோடு மாற்றிவிடலாம் என்பார். புதுப் பெட்டி ஆயிரம் ரூபாயைத் தாண்டும். பழையது குப்பைக்குப் போகும்.

பெரும்பாலான நேரங்களில் போர்டு போகவில்லை. அதில் உள்ள ஒரே ஒரு பாகம் இளைத்துப்போயிருக்கிறது. அதன் விலை சில பத்து ரூபாய். அது இளைக்கும் விதம் மின்னணுவியலிலேயே மிக அழகான சமாச்சாரங்களில் ஒன்று.

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். பெட்டிக்குள் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ரிலேவுக்கு வேண்டியது 24 வோல்ட். அதற்கு உத்தரவு கொடுக்கும் சில்லுக்கு 5 வோல்ட் போதும். முறையாகச் செய்தால் நடுவில் ஒரு மின்மாற்றி இருக்கவேண்டும். மின்மாற்றி என்றால் செம்பு, இரும்பு, எடை, விலை. வெறும் ரெசிஸ்டரை வைத்து வோல்டேஜைக் குறைக்கலாம் என்றால், தேவையான மின்னோட்டத்துக்கு அது 12 வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அது நடக்காது. அதனால் மலிவான கன்ட்ரோலர்களைச் செய்கிறவர்கள் மூன்றாவது வழியைப் பிடித்தார்கள். மின்சார இணைப்புக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு பிலிம் கன்டென்சரைத் தொடராக வைத்துவிடுவது. ஏசி மின்சாரத்தை அது அளவோடு விடும், தான் சூடாவதும் இல்லை. எவ்வளவு விடும் என்பது அதன் கொள்ளளவைப் பொறுத்தது. 1 மைக்ரோஃபேரட் கன்டென்சரும் நான்கு டையோடுகளும் இருந்தால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சுமார் 60 மில்லியாம்பியர் கிடைக்கும்.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். மோட்டாரைப் போடும் அளவுக்குத் தெம்பான 24 வோல்ட் ரிலே ஒன்றின் காயில் 37 மில்லியாம்பியர் வாங்கும். சில்லுக்கும் விளக்குகளுக்கும் ஒரு 10 என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 47. வரவு 60, செலவு 47, மிச்சம் 13. அந்த மிச்சத்தைச் செனர் டையோடு ஒன்று வெப்பமாக்கிக் கழித்துவிடும். புதுப் பெட்டி இப்படித்தான் நிம்மதியாக ஓடுகிறது.

இப்போது கன்டென்சரைப் பிரித்துப் பார்க்கலாம். சாம்பல் அல்லது மஞ்சள் நிறத்தில், கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே சுருட்டி வைத்திருப்பது பாலிப்ரொப்பிலின் என்ற பிளாஸ்டிக் தாள். தாளின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. 6, 7 மைக்ரோமீட்டர்தான். அதன்மேல் துத்தநாகமோ அலுமினியமோ ஆவியாகப் படியவைக்கப்பட்டிருக்கும். அந்த உலோகப் பூச்சு 20 முதல் 50 நானோமீட்டர் தடிமன். தாளின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 7 மைக்ரோமீட்டர் தாளில் 1 மைக்ரோஃபேரட் கிடைக்க எவ்வளவு பரப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டால், சுமார் 0.36 சதுர மீட்டர். கிட்டத்தட்ட நாலு சதுர அடி பிளாஸ்டிக்கும் உலோகமும் அந்தக் கட்டைவிரல் நுனிக்குள் சுருண்டு கிடக்கின்றன.

நாலு சதுர அடித் தாளில் ஒரு பலவீனமான புள்ளிகூட இருக்கக் கூடாது என்று எதிர்பார்க்க முடியாது. மோட்டார் நிற்கும்போது எழும் உதறலோ தூரத்து இடியோ மின்கம்பியில் ஒரு வோல்டேஜ் துள்ளலை அனுப்பினால், அந்தப் புள்ளியில் தாள் ஓட்டை விழும். தாளின் இருபுறமும் உள்ள இரண்டு உலோகப் பரப்பும் தொட்டுக்கொண்டு ஷார்ட் ஆகவேண்டும். ஆவதில்லை. ஓட்டை வழியாகப் பாயும் பொறியின் வெப்பத்தில் அதைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகிவிடுகிறது. பூச்சு அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் சில மைக்ரோநொடிகளில் காரியம் முடிந்துவிடும். ஓட்டையைச் சுற்றி உலோகமே இல்லாத ஒரு வெற்று வட்டம் உண்டாகிறது. பாய வழியில்லாமல் பொறி அணைகிறது. கன்டென்சர் தன்னைத்தானே குணப்படுத்திக்கொண்டு வேலையைத் தொடர்கிறது. அதற்கு விலையாகக் கொடுத்தது குண்டூசித் தலையளவு பரப்பு.

வீட்டில் பாட்டி பங்கனப்பள்ளி மாம்பழத்தில் அழுகின இடத்தைக் கத்தியால் சீவித் தள்ளுவதும் இதே வேலைதான். சீவாமல் விட்டால் அழுகல் பழம் முழுக்கப் பரவும். சீவிவிட்டால் மிச்சப் பழம் தப்பித்தது. சுவையில் குறையில்லை, அளவுதான் கொஞ்சம் குறைந்தது. நாளைக்கு இன்னொரு புள்ளி, இன்னொரு சீவல். பழத்தை யாரும் அழுகல் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் எப்போது பார்த்தாலும் தட்டில் இருப்பது நல்ல பழம். அந்த வீட்டில் சாப்பிட மூன்று பேர். சில்லும் விளக்கும் சின்னப் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு துண்டு போதும். ரிலே வெளியூரிலிருந்து வரும் மாமா. வந்து உட்காரும்போது நாலு துண்டு கேட்பார். உட்கார்ந்துவிட்டால் ஒரு துண்டை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார். பழம் பாதியாகத் தேய்ந்த பிறகும் மாமாவின் பசி அடங்குவதால் பாட்டிக்குக் குறை தெரிவதில்லை. ஒரு நாள் அவர் வரும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரும் கைநீட்டிவிடுகிறார். அன்றைக்குத்தான் தட்டில் கொட்டையோடு ஒட்டிய சதைதான் மிச்சம் என்பது தெரியவருகிறது.

மாமாவின் பசியில்தான் இந்த நோயின் சூட்சுமம் இருக்கிறது. ஒரு ரிலேவின் இரும்பு நாக்கைத் தூரத்திலிருந்து இழுத்து ஒட்டவைக்க அதிக விசை வேண்டும். 24 வோல்ட் ரிலே பொதுவாக 18 வோல்ட்டுக்குள் ஒட்டிவிடும். ஒட்டிய பிறகு காற்று இடைவெளி மறைந்துவிடுவதால் அதைப் பிடித்து வைத்திருக்கச் சில வோல்ட்டுகளே போதும். கன்டென்சர் பாதியாக, 0.5 மைக்ரோஃபேரட்டாகத் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரிலே ஒட்டியதும் 24 வோல்ட் இருந்த இடத்தில் 13, 14 வோல்ட்தான் நிற்கும். ரிலே விடாது, சில்லும் அணையாது. மோட்டார் ஓடும். பாதி உயிர் போன பிறகும் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

0.4 ஆகும்போது ஆட்டம் தொடங்குகிறது. பெட்டியில் ஒரு சேமிப்புக் கன்டென்சரும் உண்டு. உருளை வடிவ எலக்ட்ரோலைட்டிக். ரிலே சும்மா இருக்கும்போது அது மெதுவாக 24 வோல்ட் வரை நிரம்பிவிடும். சில்லு உத்தரவு கொடுத்ததும் அந்தச் சேமிப்பின் பலத்தில் ரிலே டக்கென்று ஒட்டுகிறது. மோட்டார் கிளம்புகிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர் வாங்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். அந்த இழுப்பில் வீட்டு வோல்டேஜே ஒரு கணம் 180க்குத் தணிகிறது. வோல்டேஜ் தணிந்தால் கன்டென்சர் விடும் மின்னோட்டமும் தணியும். 25 மில்லியாம்பியர் வந்த இடத்தில் இப்போது 20. சேமிப்பு வற்றுகிறது. உள்ளே 6 வோல்ட் சொச்சம்தான் மிஞ்சும். சில்லுக்கு 5 வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டருக்கோ 7 வோல்ட்டாவது வேண்டும். சில்லு மயங்கிவிழுந்து ரீசெட் ஆகிறது, ரிலே விடுகிறது, மோட்டார் நிற்கிறது. சுமை போனதும் வீட்டு வோல்டேஜ் ஏறுகிறது, சேமிப்பு நிரம்புகிறது, சில்லு கண்விழிக்கிறது. தொட்டியில் தண்ணீர் இல்லை என்று பார்த்து மறுபடி உத்தரவு கொடுக்கிறது. டக்.

சாயங்காலம் மட்டும் இந்தக் கூத்து நடப்பது ஏன் என்பதும் இதில் அடங்கிவிட்டது. ஊரே விளக்கையும் மோட்டாரையும் போடும் நேரத்தில் வோல்டேஜ் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். நள்ளிரவில் ஏறிவிடும். லோ வோல்டேஜ் என்றவர் சொன்னது பொய்யில்லை. அதே வோல்டேஜில் நாலு வருஷமாக ஓடிய பெட்டி இப்போது மட்டும் ஏன் ஓடவில்லை என்று அவர் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு கணக்கு உதைக்கிறது. ஒரு முறை குணமாகும்போது போவது ஒரு சதுர மில்லிமீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மொத்தப் பரப்பு 3,60,000 சதுர மில்லிமீட்டர். அறுபது சதவீதம் தேய இரண்டு லட்சம் ஓட்டைகளுக்கு மேல் விழவேண்டும். எந்த வீட்டு மின்கம்பியிலும் அத்தனை இடி இறங்காது. ஆகவே தன்னைக் குணப்படுத்திக்கொள்வது மட்டும் குற்றவாளி இல்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

ஒருவர் காற்று. சுருளின் ஓரங்களில், தாளுக்கும் தாளுக்கும் நடுவே, துளித்துளியாகக் காற்று சிக்கியிருக்கும். காற்றில் பொறி பாய எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்பதை பிரீட்ரிஷ் பாஷன் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1889இல் ஆராய்ந்தார். அவர் கண்டறிந்த விதியில் ஒரு விசித்திரம் உண்டு. இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் தேவைப்படும் வோல்டேஜும் குறைந்துகொண்டே வரும். ஆனால் ஓர் எல்லைக்குப் பிறகு திரும்பி ஏறும். இடைவெளி மிகச் சிறிதானால், ஓடுகிற எலக்ட்ரான்களுக்கு மோதிப் பெருக வழியில் போதுமான காற்று மூலக்கூறுகள் இருப்பதில்லை. சாதாரணக் காற்றில் அந்த அடிமட்ட வோல்டேஜ் சுமார் 327. அது நிகழும் இடைவெளி ஏழரை மைக்ரோமீட்டர் போல; ஏறக்குறைய நம் பிளாஸ்டிக் தாளின் தடிமன். நம் 230 வோல்ட் ஏசியின் உச்சம் எவ்வளவு? 325.

இரண்டே வோல்ட் வித்தியாசம். இயற்கை போட்ட கோட்டுக்குக் கீழே ஒரு மயிரிழையில் இந்த மின்சாரம் தினமும் நொடிக்கு நூறு முறை வந்து தொட்டுவிட்டுப் போகிறது. சிக்கிய காற்றோடு பிளாஸ்டிக்கும் வோல்டேஜைப் பங்குபோட்டுக்கொள்வதால் இயல்பான நாளில் பொறி பறப்பதில்லை. ஆனால் நள்ளிரவில் வோல்டேஜ் 250, 260 என்று ஏறுவதும், துள்ளல்கள் வருவதும், பழைய துள்ளல்கள் தாளின்மேல் விட்டுச்சென்ற மின்னூட்டம் அதோடு சேர்வதும் அங்கங்கே கோட்டைத் தாண்டவைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பொறிகள் உலோகப் பூச்சின் ஓரத்தைக் கொறிக்கத் தொடங்குகின்றன. ஒரு நாளில் 86 லட்சத்து 40 ஆயிரம் அரைச்சுற்றுகள். அதில் மிகச் சிறு பங்கு கோட்டைத் தாண்டினாலும் வருஷக் கணக்கில் அது நிறைய. இதில் வருத்தமான விஷயம், மோட்டார் ஓடுவது தினம் அரை மணி நேரம்தான். கன்டென்சரோ இருபத்துநாலு மணி நேரமும் லைனில் இருக்கிறது. மோட்டார் தூங்கும்போதும் கன்டென்சர் தேய்கிறது. மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் மெயினை அணைத்துவிட்டுப் போனால் அத்தனை நாள் தேய்மானம் மிச்சம்.

இன்னொருவர் ஈரம். புதுச்சேரியில் அதைத் தேடிப்போக வேண்டியதில்லை. வைத்திக்குப்பத்திலும் குருசுக்குப்பத்திலும் கடற்காற்று நேராக வீட்டுக்குள் வரும். ஜன்னல் கம்பியே துரு ஏறும். கன்டென்சரின் பிளாஸ்டிக் கூடும் அதை அடைக்கும் பிசினும் நீராவியை மெல்ல மெல்ல உள்ளே விடும். ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் துத்தநாகப் பூச்சு ஆக்சைடாக மாறும். ஆக்சைடு மின்சாரம் கடத்தாது; அந்த இடம் கணக்கிலிருந்து கழிந்தது. இருபது நானோமீட்டர் உலோகத்துக்கு எவ்வளவு காலம் வேண்டும்? இதற்கு மேல் சம்ப்புக்குப் பக்கத்திலேயே பெட்டியை மாட்டும் வழக்கம் வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையில், மாடிப்படிக்குக் கீழே தாழ்வாக மாட்டிய பெட்டிகள் எந்த உயரத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதைப் பல தெருக்கள் தெரிந்துகொண்டன. ஆள் உயரத்துக்கு மேலே, காற்றோட்டமான சுவரில், தண்ணீர்க் குழாய் வியர்க்காத பக்கத்தில் மாட்டுவதற்குக் கூடுதல் செலவு இரண்டு முழம் ஒயர்.

கன்டென்சர் தயாரிப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் மின்சாரம் கொடுத்து 1000 மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அதில் தேறும் ரகங்களைத் தனியாக விற்கிறார்கள். உள்ளுக்குள்ளேயே இரண்டு பகுதிகளைத் தொடராக இணைத்து, ஒவ்வொன்றும் பாதி வோல்டேஜை மட்டும் தாங்கும்படி செய்த ரகங்களும் உண்டு. அப்போது ஒவ்வொரு பகுதியின் உச்சமும் பாஷனின் எல்லைக்கு வெகு கீழே போய்விடுகிறது. விலை கொஞ்சம் கூடும். கன்ட்ரோலர் செய்கிறவர்கள் அந்தக் கொஞ்சத்தைத்தான் மிச்சம்பிடிக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் விற்கும் சாமானில் இந்தச் சிக்கனம் தவறு.

வரலாறும் கொஞ்சம். தானே குணமாகும் கன்டென்சரின் வேர் 1900இல் ஜி. எஃப். மான்ஸ்பிரிட்ஜ் பிரிட்டனில் பெற்ற காப்புரிமையில் இருக்கிறது; காகிதத்தில் உலோகத்தை ஆவியாகப் படியவைக்கும் முறையை இரண்டாம் உலகப் போரையொட்டி ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் பெருவாரியாகச் செய்தது; பிளாஸ்டிக் தாள் பிறகு வந்தது. புதுச்சேரியின் தண்ணீர் வரலாற்றைச் சொல்ல பாரதி பூங்காவின் நடுவே வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபமே போதும். முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது. அப்போது வீடுகளில் மின்மோட்டாரும் இல்லை, ரிலேவும் இல்லை.

இப்போது பழுது பார்க்கும் வேலைக்கு வரலாம். முதலில் எச்சரிக்கை, அதுவும் அழுத்தமாக. மின்மாற்றி இல்லாத இந்தப் போர்டில் 5 வோல்ட் என்று எழுதியிருக்கும் இடம்கூட நேரடியாக மின்கம்பியோடு தொடர்புள்ளது. பிளக்கில் இருக்கும்போது எங்கே தொட்டாலும் 230 வோல்ட்டைத் தொட்டதாகத்தான் அர்த்தம். மெயினை அணைத்த பிறகும் கன்டென்சரில் மின்னூட்டம் தங்கும். அதை ஓரிரு நொடியில் வடித்துவிட ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். அந்த ரெசிஸ்டர் அறுந்திருந்தால் 325 வோல்ட் வரை அப்படியே காத்துக்கொண்டிருக்கும். மின்வேலை தெரியாதவர்கள் பெட்டியைத் திறக்க வேண்டாம். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, கன்டென்சரின் மைக்ரோஃபேரட்டை அளந்து சொல்லுங்கள் என்று கேட்டால் போதும்.

அந்தக் கேள்வி முக்கியம், ஏனென்றால் வழக்கமான சோதனைகள் எதிலும் இந்தப் பாகம் மாட்டாது. எலக்ட்ரோலைட்டிக் கெட்டால் தலை உப்பும், கசியும்; பார்த்ததும் தெரியும். பிலிம் கன்டென்சர் கடைசிவரை புதிதுபோலவே இருக்கும். ஷார்ட் இருக்கிறதா என்று மீட்டரில் பீப் வைத்துப் பார்த்தால் இல்லை என்று வரும். ஷார்ட் ஆகாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தானே அது இத்தனை நாள் தன்னைச் சீவிக்கொண்டது. கழற்றி, மின்னூட்டத்தை வடித்து, கொள்ளளவு அளக்கும் மீட்டரில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். மேலே 105 என்று அச்சிட்டிருந்தால் 10க்குப் பின் ஐந்து பூஜ்யம் பைக்கோஃபேரட், அதாவது 1 மைக்ரோஃபேரட். 474 என்றால் 0.47. பக்கத்தில் K இருந்தால் பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். 105K என்று எழுதியதில் மீட்டர் 0.4 காட்டினால் வேறு எதையும் தேடவேண்டியதில்லை.

புதிதாகப் போடுவது மின்கம்பி இணைப்புக்கென்றே செய்த எக்ஸ்2 வகையாக இருக்கவேண்டும். 275 அல்லது 310 வோல்ட் ஏசி என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் 400 வோல்ட் டிசி கன்டென்சரைப் போட்டுத் தருகிறவர்கள் உண்டு. 400, 275ஐவிடப் பெரிய எண்தானே என்று தோன்றும். டிசிக்குச் செய்தது ஏசியில் வேகமாகத் தேயும், தீப்பிடிக்காமல் சாகும் என்ற உத்தரவாதமும் அதற்கு இல்லை. இன்னும் சிலர் 1க்குப் பதில் 2 மைக்ரோஃபேரட் போட்டால் இரண்டு மடங்கு உழைக்கும் என்று நம்புகிறார்கள். இரண்டு மடங்கு மின்னோட்டம்தான் வரும். ரிலே சும்மா இருக்கும் நேரமெல்லாம் கிட்டத்தட்ட அது முழுவதையும் செனர் டையோடு சுமந்து கருகும். அதே அளவு, அதே வகை, முடிந்தால் ஈரம் தாங்கும் ரகம். சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும்.

எல்லாப் பழுதையும் இந்த ஒரு பாகத்தின் தலையில் கட்டுவதும் சரியில்லை. ஐந்து நிமிட வீடியோக்களில் அப்படித்தான் நடக்கிறது. தொட்டி நிரம்பி வழிந்தும் மோட்டார் நிற்கவில்லை என்றால், ரிலேவின் முனைகள் பொறியில் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும், மாற்றவேண்டியது ரிலே. பிரஷர் பம்ப் கன்ட்ரோலரில் தண்ணீர் இருந்தும் இல்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தால், நீரோட்டத்தை உணரும் காந்த நாக்கில் போர் மணலோ துருவோ சிக்கியிருக்கும், கழுவினால் போதும். தொட்டிக்குள் கம்பி விடும் கன்ட்ரோலர்களில் உப்புத் தண்ணீர் கம்பிமேல் படிவு கட்டி ஏமாற்றும். அந்தக் கம்பிகள் உள்ள கருவியில் மட்டும் மின்மாற்றியோ வேறு வகைத் தனிமைப்படுத்தலோ கட்டாயம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கவேண்டும். இல்லையென்றால் குளிக்கும் தண்ணீருக்கும் மின்கம்பிக்கும் நடுவே நிற்பது சில ரெசிஸ்டர்கள்தான்.

போனிலிருந்தே மோட்டாரைப் போடலாம், செயலியில் வரைபடம் பார்க்கலாம் என்று வரும் ஸ்மார்ட் கன்ட்ரோலர்கள் இந்த நோய்க்குத் தப்பியவையா? பாதி. வைஃபை சில்லு அவ்வப்போது சில நூறு மில்லியாம்பியர் கேட்கும். கன்டென்சர் வழியில் அவ்வளவு கொடுக்க முடியாது. அதனால் அவற்றில் சின்னதாக ஒரு எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் முறை மின்வழங்கி) இருக்கும். அங்கே முதலில் சாவது எலக்ட்ரோலைட்டிக் கன்டென்சர். பத்து டிகிரி வெப்பம் ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. வெயில் அடிக்கும் மொட்டைமாடிச் சுவரில் மூடிய பெட்டியை மாட்டினால் சித்திரை மாதத்தில் உள்ளே எவ்வளவு சூடு என்று யோசித்துக்கொள்ளலாம். மோட்டாரைத் தொலைவிலிருந்து போடும் வசதி வயலில் இருக்கும் விவசாயிக்கு உண்மையிலேயே பெரிய உதவி. இரவில் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்கவேண்டாம். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பெட்டிக்கு வரைபடத்தைவிடப் பயனுள்ளது, மூடியின் உள்பக்கம் சுற்றுப் படத்தை ஒட்டி, தேயும் பாகம் எது, அதன் அளவு என்ன என்று அச்சிடுவது. சில கம்பெனிகள் போர்டு முழுவதையும் கறுப்புப் பிசினில் மூழ்கடித்து விற்கின்றன. ஈரத்துக்கு அது நல்லது, மறுக்க முடியாது. ஆனால் தேய்ந்தே தீரும் என்று தெரிந்த அந்த ஒரு கன்டென்சரையாவது பிசினுக்கு வெளியே திருகாணி முனையில் வைத்தால், பத்து நிமிட வேலையில் பெட்டி இன்னும் சில வருஷம் ஓடும்.

இதே தேய்மானத்தைக் காசில்லாமல் பார்க்க ஒரு இடம் உண்டு. வீட்டில் பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் வைத்தும் மந்தமாகச் சுற்றினால், அதன் தலைக்குள் இருக்கும் 2.5 மைக்ரோஃபேரட் கன்டென்சரைக் கழற்றி அளந்து பார்க்கச் சொல்லலாம். அதுவும் உலோகம் படிந்த பாலிப்ரொப்பிலின் தாள்தான். மீட்டர் பெரும்பாலும் 2க்குக் கீழே காட்டும்.